அழகாக இருந்த மெழுகுதிரிதான் வெடித்தது: வீட்டில் சோயா மெழுகுதிரி செய்பவர்களுக்கு

கடந்த வருடம் ஒரே மாதத்தில் எனக்கு இரண்டு முறைப்பாடுகள் வந்தன. முதலாவது சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டிலிருந்து. விருந்தாளிகளுக்குக் கொடுக்க ரோஸ் நிறத்தில் 60 சின்னக் கிளாஸ் மெழுகுதிரிகள் கேட்டிருந்தார்கள். கொடுத்த மூன்றாம் நாள், மேலெல்லாம் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று அறுபதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது என் மாமியிடமிருந்து, இரவு பத்தரை மணிக்கு. "புள்ள, உன்ட கிளாஸ் வெடிச்சிட்டு. மேசச் சீல பத்திப் போச்சி. ஆக்களுக்கு ஒண்டுமில்ல, நீ பயப்படாத."

மாமிக்குக் கொடுத்தது அதுவரை நான் செய்தவற்றில் ஆக அழகானது. மேற்பரப்பு பட்டுப் போல இருந்தது, வாசனையும் தூக்கலாக இருந்தது. திருப்பி வந்த அறுபதில் ஒன்றை எடுத்து அடிவரை எரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லாமல் எரிந்து முடிந்தது.

மெழுகுதிரியின் குறைகள் இரண்டு வகை என்பது அந்த மாதத்தில்தான் எனக்கு உறைத்தது. சில குறைகள் கண்ணுக்கு மட்டும் உரியவை. சில குறைகள் எரியும்போது வெளிவருபவை, அவை வீட்டைக் கொளுத்தக் கூடியவை. நாம் முதல் வகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம், வாங்குபவர்களும் அதைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். இரண்டாவது வகையை யாரும் கேட்பதில்லை. கல்முனைப் பக்கம் வீட்டிலிருந்தே இதைச் செய்து விற்கும் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு, அந்த வேறுபாட்டை மனதில் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

நான் இதில் இறங்கியது 2022இல். அந்த வருடம் மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். சாதாரண வெள்ளை மெழுகுதிரிக்கும் அலைய வேண்டியிருந்தது. மிச்சத் துண்டுகளை உருக்கி, கஞ்சி போட்ட பாவு நூலைத் திரியாக வைத்து நானே வார்த்தேன். மருதமுனையில் எந்த வீட்டில் கேட்டாலும் நூல் கிடைக்கும். மெழுகுதிரி கிடைக்காது. சோயா மெழுகு அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும் பெட்டியில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்வெட்டுக்கு என்று சோயாவில் குச்சி மெழுகுதிரி வார்க்க வேண்டாம். கிளாஸில் வார்ப்பதற்கான சோயா மெழுகு ஏறத்தாழ 45 முதல் 52 பாகை செல்சியஸில் உருகுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பகல் 35 பாகையைத் தாண்டும், தகரக் கூரைக்குக் கீழே இன்னும் அதிகம். அந்தச் சூட்டில் அது உருகாது, ஆனால் வெண்ணெய் போல இளகி வளைந்துவிடும். நிற்கும் மெழுகுதிரிக்கு பரஃபினோ, ஸ்டியரிக் அமிலம் சேர்த்த கடின மெழுகோ வேண்டும். ஸ்டியரிக் அமிலம் பாமாயிலிலிருந்தும் எடுக்கப்படுகிறது, விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. வாங்குபவர்கள் "இதுல என்ன கொழுப்பு?" என்று கட்டாயம் கேட்பார்கள். விற்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை பூப்பது

கலியாண வீட்டார் பூஞ்சணம் என்று நினைத்தது பூஞ்சணமே அல்ல. சோயா மெழுகு என்பது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய். 1990களில் அமெரிக்காவில், சோயா மலிந்து கிடக்கும் இடத்தில், பரஃபினுக்கு மாற்றாகப் பரவிய பொருள் அது. எல்லாக் கொழுப்பையும் போல அதுவும் பளிங்குகளாக இறுகுகிறது. முதலில் ஒரு வடிவில் இறுகும், பிறகு சூடும் குளிரும் மாறி மாறிப் படும்போது இன்னொரு உறுதியான வடிவுக்கு மெல்ல மாறும். அந்த மாற்றம்தான் வெள்ளையாகத் தெரிகிறது. பழைய சொக்லட்டின் மேல் சாம்பல் பூத்தது போல இருக்குமே, அதுவும் இதற்கு உறவுதான்.

அந்த அறுபதும் பூத்ததற்கு நானே காரணம். அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைத்து இறுக வைத்தேன். ஃபிரிட்ஜ் மூன்று கெடுதிகளைச் செய்கிறது. பூக்க வைக்கிறது, மெழுகைக் கண்ணாடியிலிருந்து பிரித்து ஈரத்திட்டுப் போன்ற அடையாளங்களை உண்டாக்குகிறது, வெளியே எடுத்ததும் நம் கடற்காற்றின் ஈரம் கிளாஸிலும் திரியிலும் வியர்வையாகப் படிகிறது. ஈரத் திரி பட்பட்டென்று தெறிக்கும். மேசையில், மின்விசிறிக் காற்றுப் படாத இடத்தில், கிளாஸ்களுக்கு இடையில் நாலு விரல் இடைவெளி விட்டு ஆறவிடுங்கள். ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடினாலும் நல்லது.

இதையெல்லாம் செய்தும் கொஞ்சம் பூக்கும். பூக்காத சோயா வேண்டுமென்றால் பரஃபினோ வேறு ஏதோ கலந்த மெழுகை வாங்க வேண்டும். சாயம் சேர்க்காத வெள்ளை மெழுகில் பூத்தது கண்ணுக்குத் தெரியாது, ரோஸ், நீலம், கடும்பச்சையில் பளிச்சென்று தெரியும். இப்போது கலியாண ஓடர் எடுத்தால் நிறத்தைக் கிளாஸைச் சுற்றும் ரிபனில் காட்டச் சொல்கிறேன். மெழுகு வெள்ளையாகவே இருக்கும்.

நடுவில் குழி விழுவது, மேற்பரப்பு கரடாக இருப்பது, ஈரத்திட்டு இவையும் கண்ணுக்கு மட்டும் உரிய குறைகளே. ஹெயார் ட்ரையரால் மேலே மெல்லச் சூடு காட்டினால் மட்டமாகிவிடும். ஆனால் திரிக்குப் பக்கத்தில் உள்ளே குகை போல வெற்றிடம் இருந்தால் அது எரியும்போது தொல்லை தரும். முதல் வார்ப்பு இறுகியதும் ஒரு ஈர்க்கிலால் திரியைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் சூடு காட்டி நிரப்புங்கள்.

சாயம்

சாயத்தில் நான் செய்த பிழை மருதமுனைக்காரிக்கே உரியது. பக்கத்துத் தறி வீட்டில் மிஞ்சிய நூல் சாயத் தூளில் ஒரு கரண்டி எடுத்துப் போட்டேன். சாரனுக்கும் சேலைக்கும் உயிர் கொடுக்கும் சாயம் மெழுகில் கரையவேயில்லை. பருத்தி நூலுக்கான சாயம் தண்ணீரில் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. மெழுகு எண்ணெய்ச் சாதி. தூள் அடியில் படிந்தது, எரியும்போது திரிக்குள் ஏறி அடைத்தது, சுடர் பட்டாணி அளவுக்குச் சுருங்கி அணைந்தது.

கேக்குக்குப் போடும் நிறமும் தண்ணீரில் கரைவது, துளித்துளியாக அடியில் கிடக்கும். பிள்ளைகளின் மெழுகுக் கிரேயோன் கரைந்தது போலத் தோன்றும், ஆனால் அதில் இருப்பது கரையாத நிறத்தூள், அதுவும் திரியை அடைக்கும். பளபளப்புத் தூள்களும் அப்படியே. எண்ணெயில் கரையும் மெழுகுதிரிச் சாயத்தை மட்டும் வாங்குங்கள். மெழுகு 80 பாகையளவில் இருக்கும்போது, மிகக் கொஞ்சமாகப் போட வேண்டும். உருகிய மெழுகில் கடுஞ்சிவப்பாகத் தெரிவது இறுகியதும் வெளிர் ரோஸாகும். சரியான நிறம் தெரிய ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டு ஆறவிட்டுப் பாருங்கள். சோயாவில் கறுப்பும் கடும் நாவலும் வராது. அதற்காகச் சாயத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கெடுவது திரிதான்.

வாசனை

"மணக்குதில்ல" என்பதுதான் எனக்கு அதிகம் வரும் குறை. எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அத்தர். எனக்கும் தோன்றியது. விலை கூடிய ஊத் அத்தரை ஊற்றினேன். போத்தலில் கமகமத்தது, மெழுகில் பெயருக்குக்கூட மணக்கவில்லை. அத்தரில் எது கலந்திருக்கிறது என்று போத்தலில் எழுதியிருப்பதில்லை. சிலவற்றில் கிளைக்கோல் வகைக் கரைப்பான் இருக்கும், அது மெழுகோடு சேராது, திரியையும் நனைத்துக் கெடுக்கும். ஸ்பிரே வாசனையில் இருப்பது அல்ககோல். சூடான மெழுகில் அதை ஊற்றுவது தீக்குச்சி கிழிப்பதற்குச் சமம், செய்யவே வேண்டாம். சாம்பிராணித் தூளும் வேண்டாம்.

மெழுகுதிரிக்கென்று விற்கும் நறுமண எண்ணெயை மெழுகின் எடையில் 6 வீதம் போட்டுத் தொடங்குங்கள். 200 கிராம் மெழுகுக்கு 12 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். ஒவ்வொரு எண்ணெய்க்கும் எடை வேறு. மெழுகு 75 முதல் 80 பாகையில் இருக்கும்போது ஊற்றி, முழுதாக இரண்டு நிமிடம் மெல்லக் கிளற வேண்டும். ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு வார்த்தால் எண்ணெய் அடியில் தங்கிவிடும்.

அதற்குப் பிறகு வேண்டியது பொறுமை. சோயா மெழுகுதிரியை மூடி வைத்து ஒரு கிழமை, முடிந்தால் இரண்டு கிழமை விட்டால்தான் எரியும்போது வாசனை நன்றாக வெளிவரும். நாலு நாளில் ஓடர் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது மெழுகு உருக்குவதைவிடக் கஷ்டம்.

மணக்கவில்லை என்று 10, 12 வீதம் போடுபவர்கள் உண்டு. மாமியின் கிளாஸில் நான் போட்டது 12. மெழுகு தாங்காத எண்ணெய் கச்சான் சூட்டில் மேலே வியர்த்து நிற்கும். அந்த வியர்வை எரியக் கூடியது. உங்கள் மெழுகு எவ்வளவு தாங்கும் என்பது அதோடு வரும் குறிப்பில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். வியர்த்திருந்தால் துடைத்துவிட்டு விற்பது பிழை. திரும்ப உருக்கி, வாசனை சேராத மெழுகைக் கூட்டி வாருங்கள்.

நம் நாட்டு எண்ணெய்களில் கறுவா இலை எண்ணெயும் சித்திரனெல்லாவும் கிடைக்கின்றன. கறுவா இலை எண்ணெயில் அதிகமிருப்பது யூஜினோல், ஆகவே கறுவாவைவிடக் கராம்பு போலத்தான் மணக்கும். தோலில் பட்டால் எரியும், கையுறை போடுங்கள். சித்திரனெல்லா மெழுகுதிரியை "டெங்கு நுளம்பை விரட்டும்" என்று எழுதி விற்காதீர்கள். திறந்த விறாந்தையில் கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான். அந்த எழுத்தை நம்பி ஒருவர் வலை கட்டாமல் படுத்தால் அது நம் பொறுப்பு. வனிலா வாசனை சேர்த்த மெழுகு சில நாளில் பழுப்பாகும், அதில் ஆபத்தில்லை.

திரியும் கிளாஸும்

இனி இரண்டாவது வகைக் குறைகள். மெழுகுதிரியில் எரிவது திரியும் அல்ல, உருகிய மெழுகும் அல்ல, மெழுகின் ஆவி. 1860இல் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கல் பரடே சிறுவர்களுக்கு நடத்திய விரிவுரைகளில் இதைத்தான் விளக்கினார். சுடரை ஊதி அணைத்ததும் எழும் வெள்ளைப் புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே நெருப்புத் தாவும். திரி ஒரு குழாய். உருகிய மெழுகை எவ்வளவு வேகமாக மேலே கொண்டுபோகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அதனால்தான் என் பாவு நூல் தோற்றது. முறுக்கிய நூல் நிமிர்ந்து நின்று கரிந்து தலையில் காளான் கட்டும். கஞ்சியின் சாம்பல் துளைகளை அடைக்கும். பின்னிய திரி எரிய எரியத் தலையை வளைத்துச் சுடரின் ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும். 1820களில் பிரான்சில் வந்த கண்டுபிடிப்பு இது. அதற்கு முன்பு மெழுகுதிரிக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலும் வைத்திருக்க வேண்டியிருந்தது.

திரி சிறிதானால் நடுவில் மட்டும் கிணறு போல இறங்கி, ஓரத்தில் மெழுகு சுவராக நிற்கும். கடைசியில் உருகிய மெழுகில் திரி மூழ்கி அணையும். காசுக்கு நட்டம், ஆனால் ஆபத்தில்லை. திரி பெரிதானால் வாங்குபவருக்குச் சந்தோஷம். சுடர் உயரமாக நிற்கும், அறை முழுக்க மணக்கும், மெழுகு சீக்கிரம் ஓரம்வரை உருகும். ஆபத்து அங்கேதான். மாமியின் கிளாஸில் நான் வைத்தது இரண்டு அளவு பெரிய திரி.

எரித்துப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. கடைக்காரர் சொல்லும் அளவு, அதற்கு ஒன்று கீழே, ஒன்று மேலே என்று மூன்று திரி வாங்குங்கள். ஒரே கிளாஸ், ஒரே மெழுகு, அதே சாயம், அதே வாசனை. சாயமோ வாசனையோ மாறினால் திரியின் கணக்கும் மாறிவிடும். திரியை 5 மில்லிமீற்றருக்கு வெட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு எரியுங்கள். நம் வீடுகளில் மின்விசிறி ஓடாத நேரம் குறைவு, அதன் காற்றில் ஆடும் சுடர் ஒரு பக்கம் உருக்கும், கரி கக்கும், நீங்கள் திரியைக் குறை சொல்வீர்கள். ஏழு சென்டிமீற்றர் அகலக் கிளாஸை ஒரு தடவைக்கு மூன்று மணித்தியாலம் எரித்து, அணைத்து, முழுதாக ஆறவிட்டு, திரும்ப எரிக்க வேண்டும், அடிவரை. உருகிய மெழுகின் ஆழம் ஒரு சென்டிமீற்றருக்குள் இருக்க வேண்டும். முதல் தடவையிலேயே ஓரம்வரை உருக வேண்டும் என்று சொல்வார்கள். நம் சூட்டுக்கு அது பொருந்தாது. மூன்றாம் தடவையில் ஓரத்தைத் தொட்டால் போதும், ஏனென்றால் மெழுகு கீழே இறங்க இறங்கக் கிளாஸுக்குள் சூடு கூடிக்கொண்டே போகும். கிளாஸைக் கையால் பிடிக்க முடியாவிட்டால் அந்தத் திரி தோல்வி. சுடர் நுனியில் கறுப்புப் புகை வந்தாலும் தோல்வி. "சோயாவில் கரி வராது" என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். திரி பெரிதானால் எல்லா மெழுகும் கரி கக்கும்.

மாமி வீட்டில் கிளாஸ் உடைந்தது கடைசி அரை சென்டிமீற்றர் மெழுகில். அது பிளேன்டீ குடிக்கும் மெல்லிய கிளாஸ். சுடர் அடிக்குக் கிட்ட வந்ததும் அடி பிளந்து, உருகிய எண்ணெய் பிளாஸ்டிக் மேசைச் சீலையில் ஓடியது. அடியில் ஒரு சென்டிமீற்றர் இருக்கும்போதே அணைக்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. இப்போது ஒவ்வொரு கிளாஸின் அடியிலும் அதைத் தமிழில் ஒட்டுகிறேன். மெழுகுதிரிக்கென்று செய்த தடித்த கண்ணாடி அல்லது தகரப் பேணி மட்டும் பாவிக்கிறேன். திரியின் அடித்தகட்டில் கழுத்து உயர்ந்ததாக வாங்குகிறேன், மெழுகு அந்த மட்டத்துக்கு வந்ததும் சுடர் தானாக அணைந்துவிடும்.

அறுகம்பையில் சிரட்டை மெழுகுதிரிக்கு நல்ல கேள்வி இருக்கிறது, வெள்ளைக்காரர் விரும்பி வாங்குவார்கள். நான் செய்வதில்லை. சிரட்டை நாம் அடுப்பெரிக்கும் பொருள். அதைவிட அதன் வடிவம்தான் சிக்கல். வாய் அகலம், அடி ஒடுக்கம். வாய்க்குப் பொருந்திய திரி பாதி இறங்கியதும் அந்த ஒடுக்கத்துக்கு மிதமிஞ்சிப் பெரிதாகிவிடும். மேலே காய்ந்த ரோஜா இதழ், கறுவாப் பட்டை பதிப்பதும் அப்படித்தான். படத்துக்கு அழகு. எரியும்போது ஒவ்வொன்றும் இன்னொரு திரி.

உருக்கும் இடத்தில் இரண்டு விடயம். மெழுகுச் சட்டியை நேரடியாக அடுப்பில் வைக்காமல் தண்ணீர்ச் சட்டிக்குள் வையுங்கள், ஆவி மெழுகுக்குள் விழாமல் பாருங்கள். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, நெருப்பு கூரைக்குப் பாயும். அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடுங்கள். நான் உருக்கத் தொடங்கும் முன் மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அடுப்பு மூட்டுவேன்.

ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். திகதி, மெழுகுப் பெட்டியின் இலக்கம், எடை, திரி, எண்ணெய் வீதம், வார்த்த சூடு, அன்று மழையா கச்சானா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறேன். புதுப் பெட்டி வந்தால் பழைய கணக்கை நம்பாமல் திரும்ப ஒரு கிளாஸ் எரிக்கிறேன்.

திருப்பி வந்த அறுபதில் மிச்சமிருந்தவற்றைச் சொந்தக்காரருக்கும் அயலவருக்கும் கொடுத்தேன். மாமிக்கும் ஆறு போனது. வாங்கிக்கொண்டவர் முதலில் அடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேசையில் வைக்காமல், குசினிச் சீமெந்துத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தார்.